மூக்கன் போடாத கையெழுத்து

"நான் போடமாட்டேன், தம்பி."

மூக்கன் இப்படிச் சொன்னதும் பெரட்டுக்களமே திரும்பிப் பார்த்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்த அத்தனை பேரும், கோயிலில் திருநீற்றுக்குக் கை நீட்டுவதுபோல் பேனாவுக்குக் கை நீட்டிக் கையொப்பம் இட்டிருந்தார்கள். தாளில் முதல் வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அது மூக்கனுக்கென்று விடப்பட்ட இடம்.

தாள்களை ஏந்தி நின்ற சின்னத்தம்பி தோட்டத்து விளையாட்டுக் கழகத்தின் செயலாளன். பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, தேசிய இளையோர் அணியின் பயிற்சிக்கு முதன்முதலாக ஒரு பெண் தெரிவாகியிருந்தாள். மூக்கனின் மகள் நிஷாந்தி, பதினாறு வயது. அதற்குள் கொழும்பிலுள்ள உதைபந்தாட்டச் சங்கம் கடனில் மூழ்கிவிட்டது. பயிற்சி நின்றுபோயிற்று.

அரசாங்கம் கைதூக்கிவிட்டால் சங்கம் பிழைக்கும், பயிற்சியும் நடக்கும். அதற்காகத்தான் இந்த மனு. சங்கத்து ஆட்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அவர்களுடைய வேன் வந்து வாங்கிச் செல்லும். தெரிவான பிள்ளையின் தகப்பன் முதலில் ஒப்பமிட்டால் மனுவுக்குக் கனம் கூடும் என்பதால், சின்னத்தம்பி முதல்நாள் மாலையே தாள்களை மூக்கனின் வீட்டில் கொடுத்து வைத்திருந்தான். விடிந்ததும் அவை கையொப்பம் இல்லாமலே திரும்பி வந்தன.

"ஏன் மூக்கண்ணே, போட்டா என்ன?"

"தின்னவங்க கட்டட்டும். கடன வாங்கிக் குவிச்சது அவனுங்க. அரசாங்கம் எதுக்குக் கட்டணும்?"

"அரசாங்கம் கட்டாட்டி தின்னவனுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் காரு ஏறிப் போயிருவான். பந்து வெளயாடுற புள்ளைங்கதான் நடுரோட்டுல நிக்கும்."

மூக்கன் தேயிலைச் செடி கழிக்கும் கத்தியின் கூரை விரலால் தடவிப் பார்த்தார்.

கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த அழகம்மா விடவில்லை. "பெத்த மகளுக்குக் கையெழுத்துப் போடக் கை வலிக்குதாம். கவ்வாத்துக் கத்தி புடிக்கிறப்ப மட்டும் வலிக்காதோ?"

"நீ வேற அக்கா. மக கொழும்புக்குப் போயிட்டா பீலியில தண்ணி புடிச்சுத் தூக்க ஆளு வேணாமா?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

சிரிப்பு எழுந்தது. மூக்கன் கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

சின்னத்தம்பிக்கு மனம் ஆறவில்லை. சரிவான மைதானத்தில், பந்து உருண்டு தேயிலைக்குள் விழும் ஒவ்வொரு முறையும் தானே இறங்கி எடுத்து வந்து ஆடிப் பழகியவள் நிஷாந்தி. இந்த வாசல் அடைபட்டால் இன்னும் இரண்டு வருடத்தில் அவள் தலையிலும் கூடை ஏறும். பிள்ளைக்கு வந்த பேற்றைத் தகப்பனே தட்டிவிடுவதா?

பதினொரு மணிக்கு, இன்றைக்கு அரைநாள் கூலிக்கான அரைப்பேர் போதும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, கவ்வாத்து நடக்கும் மலைக்கு ஏறினான்.

"அண்ணே, சங்கத்து மேல உள்ள கோவத்தப் புள்ள தலையில எறக்காதீங்க. ஒரு கோடு இழுத்தாக்கூடப் போதும்."

மூக்கன் வெட்டுவதை நிறுத்தினார். "ரெண்டாவது தாள்ல என்ன இருக்குனு தெரியுமா உனக்கு?"

"அது சிங்களத்துல இருக்கு. எனக்குப் பேச்சுத்தான் வரும், எழுத்து வராது. அரசாங்கத்துக்கிட்ட காசு கேக்குறோம்னு சொன்னாங்க."

"எந்தக் காசுன்னு சொன்னாங்களா?"

"காசுல என்ன எந்தக் காசு?"

"பொம்பளைங்க கொழுந்துக்குப் போறப்ப கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பரா இருக்குல்ல? அந்தப் புள்ளைங்களோட பாலுக்கும் கஞ்சிக்கும் அரசாங்கம் இந்த வருஷம் ஒதுக்கின காசு. அத எடுத்துச் சங்கத்துக் கடன அடைக்கச் சொல்லி, தோட்டத்து ஜனங்க நாங்களே மனசாரச் சம்மதிக்கிறோமாம். அப்படித்தான் எழுதியிருக்கு."

சின்னத்தம்பி தாளைப் புரட்டினான். பிள்ளைக்காம்பராவுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வார்கள் என்பது அவன் நாக்குக்குத் தெரியும். அந்தச் சொல் எந்த வரியில் இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் இருந்த நூற்றுப் பதினேழு கையொப்பங்கள் மட்டும் தெரிந்தன. அவற்றுள் அவனுடையதும் ஒன்று.

"இதக் காலையில பெரட்டுலயே சொல்லியிருக்கலாமே? அழகம்மா புள்ளகூட அங்கதான கெடக்கு."

மூக்கன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வாய் வரல, தம்பி. நான் போடாட்டியும் ஊரே போட்டுருச்சு. எப்படியாச்சும் பயிற்சி நடந்துட்டா நடக்கட்டுமேனு பேசாம வந்துட்டேன்."

கீழே தொழிற்சாலைப் பக்கமிருந்து வேனின் ஹோர்ன் ஒலி கேட்டது.

சின்னத்தம்பி தாள்களை நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "தோட்டத்துல யாருக்கும் சம்மதம் இல்லேனு சொல்லி அனுப்பிடுறேன்."

மூக்கன் சரியென்று தலையை அசைத்தார்.

நாலடி இறங்கியவன் திரும்பினான். "பயிற்சி இல்லேனு நிஷாந்திக்கிட்ட யாருண்ணே சொல்றது? அந்தப் புள்ள தாங்குமா?"

மூக்கன் அடுத்த செடிக்குக் குனிந்தார்.

"அதப் படிச்சுச் சொன்னதே அவதான், தம்பி. கேட்டதுக்கப்புறமும் நான் போடத்தான் குனிஞ்சேன், பேனாவப் புடுங்கிட்டா."