சந்தைச் சுவரில் பறக்கும் மீன்கள்

மெக்சிகோவின் ஓஹாகா நகரச் சந்தையின் நீண்ட சுவரில் காலை வெயில் தகதகக்கிறது. ஏணி உச்சியில் ஓவியர் ரெமிஹியா, நரைத்த பின்னலில் ஒரு தூரிகையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள். அவள் வரைந்திருக்கும் பெண்ணின் வயிற்றுக்குள் ஒரு வீடு இருக்கிறது; அதன் ஜன்னல்கள் வழியே மீன்கள் சிறகடித்து வெளியேறுகின்றன. நகராட்சி அதிகாரி அபுந்தியோ, வெள்ளையடிக்கிற ஆட்கள் இரண்டு பேரோடு வந்து நிற்கிறார். “அம்மா, கீழ இறங்குங்க. மேயர் கேட்டது மாடும் ஏரும். மீன் எங்கயாவது பறக்குமா?” “மாடுதான் தெருவெல்லாம் நிக்குதே ஐயா. அதைக் காட்ட நான் எதுக்கு?” சோள அப்பம் சுடும் பெண்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். அபுந்தியோவின் காது சிவக்கிறது. “அடிங்கடா!” கம்பில் கட்டிய சுண்ணாம்பு மட்டைகள் எழுகின்றன. ஓவியப் பெண்ணின் பாதங்கள் மறைகின்றன, முழங்கால்கள் மறைகின்றன, வீட்டு வாசற்படியும் மறைகிறது. ரெமிஹியாவின் பாவாடை ஓரத்தில் சுண்ணாம்பு தெறிக்கிறது. ஆனாலும் அவள் இறங்கவில்லை. “ஏ டோமாசா, அந்த நீலத்தை எடுத்துக் குடுடி!” அப்பக்காரி டோமாசா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, அதிகாரியைத் தோளால் ஒதுக்கி, மாவு அப்பிய கையோடு ஏணியில் ஏறிக் கிண்ணத்தை நீட்டுகிறாள். மட்டை எட்டாத உயரத்தில் ரெமிஹியா அடுத்த மீனைத் தொடங்குகிறாள், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக.