நாலாவது ஆள்

“அப்பா, நாலாவது ஆளுக்குப் பந்து எப்பக் கிடைக்கும்?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். முன்னாலிருக்கும் மூவருக்கும் அடிபட்டால்தான் என்று சொல்ல ரொடெலுக்கு வாய் வரவில்லை.

அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கையில், பந்தை மார்போடு அணைத்து ஓடும் நால்வர் பட்டியலில் நாலாவதாக இருந்த ரொடெலின் பெயரைப் பயிற்சியாளர் வெண்டல் அடித்துவிட்டான்.

“பட்டியல் முடிவாகுற கடைசி நாள் வரைக்குமாவது வச்சிருக்கலாமேடா? ஒண்ணா ஆடினப்ப உன் முட்டிக்கு வந்த இடியை நான்தானே வாங்கினேன்!”

“பெட்டியைக் கட்டு. இன்னைக்கே கிளம்பு.”

“நல்லா இருடா!”

ரொடெல் கதவை அறைந்துவிட்டுக் காரில் ஏறியபோது, வேறு ஊர் அணியிலிருந்து அழைப்பு வந்தது.

“எங்க முதல் ஆளுக்குக் கால் உடைஞ்சிருச்சு, அந்த இடத்துக்கு நீங்க வாங்க. நாளைக்குன்னா வேற ஆளை எடுத்திருப்போம். அது தெரிஞ்சுதான் வெண்டல் உங்களை இன்னைக்கே விட்டுட்டார். நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

காரில் வேறு யாருமில்லை. ரொடெல் முதலில் அந்த முகம் தெரியாதவனின் காலுக்காக ஜெபித்தான். பிறகு, வெண்டலின் முட்டிக்காக.