நாலு பேர் கையெழுத்து

“எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா. நான் என்ன அந்தக் காலத்து ஆளா? ஆனா, நாலு பேர் என்ன சொல்வாங்க?”

பல் டாக்டர் படிவத்தைத் தள்ளி வைத்தார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்வதே தொழில். ஆனால் ஊர்வாய் என்றால் அவருக்கு உதறல்.

மகளைப் பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பராகச் சேர்ப்பதற்கான படிவம் அது. நாளைக் காலை பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

“யாருப்பா அந்த நாலு பேர்?” என்றாள் பதினாறு வயது மகள்.

“அக்கம்பக்கம்தான். நீ அரை டிராயர் போட்டுக்கிட்டு மண்ணுல புரண்டுட்டு வந்தா, பாக்கறவங்க சும்மாவா இருப்பாங்க?”

“அவங்க சரின்னு சொல்லிட்டா?”

“தாராளமா கையெழுத்துப் போடறேன்!” நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுப்பதில் அவருக்கு என்றுமே கஞ்சத்தனம் கிடையாது.

மகள் விறுவிறுவென்று படியிறங்கினாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்து நின்றாள்.

‘இந்தப் பெண் கால்பந்து விளையாடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.’ கீழே தையல்காரம்மா, எதிர்வீட்டு டைப்பிஸ்ட், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று நான்கு கையெழுத்துகள்.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மருந்துக்கடைக்காரருமா?”

“அவர் ரொம்ப நல்லவர்ப்பா. அவர் பையன் பிரமாதமா சமைப்பான். ஆனா ஆம்பளப் பையன் கரண்டி பிடிக்கிறது வெளிய தெரியக் கூடாதுன்னு ஜன்னலைச் சாத்திக்கிட்டு சமைக்கிறான். புகையில கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு. இந்த லட்சணத்துல, ‘பொண்ணுங்க பந்து விளையாடலாமா?’ன்னு எனக்கே பாடம் எடுக்கறான்.”

“அட பாவமே!”

“தையல்காரம்மா பொண்ணு சைக்கிள் ஓட்டறதையே விட்டுட்டா. கேட்டா, ‘எனக்கே பிடிக்கல’ன்னு சொல்றா. சொல்லும்போதே கண்ணு கலங்குது. எல்லாம் ஒரே ஒருத்தருக்குப் பயந்துதான்.”

“ஒருத்தருக்கா?”

“ஆமாம்ப்பா. நாலு வீட்லயும் தனித்தனியாத்தான் கேட்டேன். நாலு பேரும் ஒரே ஆளைச் சொன்னாங்க. வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாராம். பிள்ளைங்களைப் படியில பாத்தா, ஏற இறங்கப் பாத்துட்டு ‘ம்ம்ம்’னு ஒரு இழுப்பு. அவ்வளவுதான், அன்னிக்கே அந்த வீட்ல தடை உத்தரவு.”

டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. வளரும் பிள்ளைகளின் மனதை இப்படியா நசுக்குவது?

“யார் அவன், வேலவெட்டி இல்லாத பய? அடுத்தவன் வீட்டுப் பிள்ளை எப்படி வளரணும்னு இவன் யாரு சொல்ல? இவனுக்குப் பயந்து என் பொண்ணு வீட்டுக்குள்ள முடங்கணுமா? கொண்டாம்மா அந்தப் பேனாவை!”

படிவம் கிழிந்துவிடும்போல் அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

“இப்பச் சொல்லு, எந்த வீடு? நேர்லயே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்!”

மகள் படிவத்தைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போன பிறகுதான் திரும்பினாள்.

“எங்கயும் போக வேண்டாம்ப்பா, உக்காந்த இடத்துலயே கேக்கலாம். நாலு பேரும் சொன்னது உங்களைத்தான்.”