செடியைப் பிடுங்கியவள்

"நட்ட செடியில ஒண்ணைக்கூட விட்டு வைக்கலையே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

ரிட்டயர்டு வாத்தியார் போட்ட சத்தத்தில் பஞ்சர் கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது.

பஞ்சர் கடைக்காரி அசையவில்லை. செடிகளைத் திணித்துக் கட்டிய சாக்கு மூட்டையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீதானே பிடுங்கினே?"

"நான்தான் எடுத்தேன். எல்லாரும் பார்க்கத்தான் எடுத்தேன். ஒளிஞ்சா எடுத்தேன்?"

"திமிரைப் பாரு!"

ரோட்டை அகலப்படுத்துவதற்காக முந்தாநாள்தான் வரிசையாக நின்ற புங்கமரங்களை வெட்டினார்கள். அவள் கடைக்கு நிழல் தந்த மரமும் அதில் போனது. வெட்டின மரத்துக்கெல்லாம் பதில் மரம் என்று நேற்று சாயந்திரமே ரோட்டோரம் புதுச் செடிகள் வந்துவிட்டன. நகராட்சித் தலைவர் தண்ணீர் ஊற்றி போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

இன்று காலையில் ஒரு செடிகூட இல்லை.

"பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியிருக்கே. கேஸ் போடுவேன். கடைக்கு சீல் வைப்பேன்" என்றார் நகராட்சி இன்ஸ்பெக்டர்.

"வைங்க."

புருஷன் பதறிப்போய் அவள் காதருகே குனிந்தான். "கடை போனா நாம எங்கடி போவோம்? எதுக்கு எடுத்தேன்னு என்கிட்டயாவது சொல்லு."

"உங்ககிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் ஊருக்கே தெரிஞ்சிடும். போய் அந்த ஆட்டோ டயரைப் பாருங்க."

அதற்குள் செடி நட்ட கான்ட்ராக்டரின் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கோபப்படவே இல்லை.

"பாவம், விடுங்க சார். நிழல் போன வயித்தெரிச்சல், தெரியாம செஞ்சிட்டா. கேஸ் கீஸ் எல்லாம் எதுக்கு? என் சொந்தச் செலவுல வேற செடி வச்சுத் தர்றேன். தங்கச்சி, அந்த மூட்டையை மட்டும் என் வண்டியில ஏத்திடும்மா."

கூட்டம் உருகிவிட்டது. வாத்தியார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேட்டியா? அவர் கால் தூசிக்குப் பெறுவியா நீ?"

"பெற மாட்டேன் சார். ஆனா மூட்டையைத் தர மாட்டேன். தலைவர் வரட்டும், அவர் கையிலதான் கொடுப்பேன்."

"தலைவருக்கு வேற வேலை இல்லையா?" கான்ட்ராக்டரின் சிரிப்பு சுருங்கியது. தன் ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேர் வந்து மூட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தார்கள்.

அவள் பக்கத்தில் கிடந்த டயர் நெம்புகோலை எடுத்தாள்.

"கையை எடுங்கடா!"

எடுத்தார்கள்.

புருஷன் அவளையே பார்த்தான். பிறகு கையிலிருந்த கிரீஸை லுங்கியில் துடைத்துவிட்டு, மூட்டையின் மறுபக்கத்தில் அவனும் உட்கார்ந்தான்.

"என்னய்யா, உனக்கும் பைத்தியமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது சார். அவ உட்கார்ந்திருக்கா, நானும் உட்கார்ந்திருக்கேன். சீல் வைக்கிறதா இருந்தா வச்சுக்குங்க."

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

விஷயம் காதுக்கு எட்டி, தலைவரே காரில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"நேத்துதானேம்மா என் கையால தண்ணி ஊத்தினேன்? அதுக்குள்ள எல்லாத்தையும் வேரோட பிடுங்கிப் போட்டிருக்கியே, எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு?"

"தலைவரே, அது வந்து..." என்று கான்ட்ராக்டர் குறுக்கே வந்தார்.

"நீங்க சும்மா இருங்க. அவ சொல்லட்டும்."

பஞ்சர் கடைக்காரி எழுந்தாள். கயிற்றை அவிழ்த்து, மூட்டையை அவர் காலடியில் கவிழ்த்தாள். இலை சுருங்கிய குச்சிகள் சரசரவென்று சரிந்து விழுந்தன. எல்லாவற்றின் அடியும் அரிவாளால் சீவியது போல் சாய்வாக இருந்தது.

வாத்தியார் குனிந்து ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இது... முந்தாநாள் வெட்டின மரத்தோட கிளையில்ல?"

கான்ட்ராக்டர் ஜீப் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"காலையில ஒரு குடம் தண்ணி ஊத்தலாம்னு போனேன் ஐயா. தொட்டேன், கையோட வந்துடுச்சு. வேரோட பிடுங்கினேன்னுதானே சொல்றீங்க? இதுல எதுலயாவது ஒரு வேரைக் காட்டுங்க, உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்."