திமிங்கலம் தின்ற மாப்பிள்ளை

“நீங்க திமிங்கலம் சாப்பிட்டிருக்கேளா?”

சுற்றி வளைக்காமல் அதிதி கேட்டுவிட்டாள்.

சோபாவின் நுனியில் முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்த ஒகாவா, கையில் எடுத்த பஜ்ஜியை மெல்லத் தட்டிலேயே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த வீட்டுக் கூடத்தில், ஒரு கல்யாணம் அந்தப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அதிதி சரி என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. அப்பா தவறி ஒன்பது வருஷமாகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் எதற்கும் அதிதியின் வாய்ச்சொல்தான்.

ஜப்பான்காரரானாலும் ஒகாவா புதியவர் இல்லை. அம்மா வேலை பார்க்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் சுக்கும் மிளகும் வாங்குகிறவர். போன வருஷம் இங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டார். அவருடைய தமிழ், கிடங்கில் சுக்கு புடைக்கும் உசிலம்பட்டி மூக்கம்மாளிடம் கற்றது. அதனால் பெண்கள் எல்லோரும் அவருக்குத் தாயி. இந்த வீட்டில் அந்தச் சொல் விழும்போதெல்லாம் தம்பி சுதீர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிப்பான்.

அதிதிக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எர்ணாகுளம் படகில் யாருடைய கோழிக்கூடையோ சரிந்தபோது, இஸ்திரி போட்ட சட்டையோடு தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்த மனிதர். ஆனால் பிறந்தது திமிங்கலம் பிடிக்கும் ஊரில். இருபத்திரண்டு வயதில் இரண்டு பருவம் வேட்டைக் கப்பலிலும் போயிருக்கிறார். சுதீர்தான் உளறினான்.

அதிதியின் ஸ்கூட்டரில் ‘ஜப்பானே, திமிங்கலத்தை வாழவிடு’ என்று ஸ்டிக்கர் இருக்கிறது. கடல் உயிரியல் படித்தவள். புதுவைப்புக் கடற்கரையில் ஒதுங்கிய குட்டித் திமிங்கலத்துக்கு ஈரத்துணி போர்த்தி, ஆறு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அது கடைசி மூச்சை விட்டபோது அவள் கை அதன் மேல் இருந்தது.

“பக்கத்தாத்து ரோஸி சேச்சி சுறாக்கறி வெச்சா மட்டும் மூச்சை இழுத்து வாசனை பிடிக்கறே,” என்றான் சுதீர். “இப்ப நீ கட்டிண்டிருக்கற பட்டுல எத்தனை புழு வெந்துதோ.”

“அதுக்கு நான் தனியா வருத்தப்பட்டுக்கறேன். நீ சும்மா இரு.”

ஒகாவா தொண்டையைச் செருமினார்.

“தொட்டதே இல்ல தாயி.”

சுதீர் நிம்மதியாகத் தண்ணீர் டம்ளரை எடுத்தான்.

அதிதிக்கும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒகாவாவின் காது இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்துவிட்டிருந்தன.

“இல்ல,” என்றார் அவர். “அது பொய்யி. ஆட்டோவுல வர்றப்ப சுதீரு சொல்லிக் குடுத்தது. நிறையத் தின்னுருக்கேன்.”

சுதீருக்குப் புரையேறியது.

பண்பாடு, பாரம்பரியம் என்று அவர் ஆரம்பிப்பார், அதைச் சொல்லி எதை வேண்டுமானாலும் கொல்லலாமா என்று மடக்க வேண்டும். நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள் அதிதி. அவரோ அந்தச் சொல்லையே எடுக்கவில்லை.

“பள்ளிக்கூடத்துச் சோத்துல எங்களுக்கு அதான் கறி. அப்பாவுக்குக் கப்பல் வேல. நானும் போனேன். நான் பாக்க நாலு செத்துச்சு. தண்ணி முச்சூடும் செவப்பு. ஏலல, எறங்கிட்டேன்.”

“அப்ப தப்புன்னு ஒத்துக்கறேளா?”

“அப்பாவத் தப்புன்னு சொல்ல வாய் வரல. அதச் சரின்னு சொல்லவும் வரல.” கொஞ்சம் யோசித்தார். “எங்கூருக் கோயில்ல செத்த திமிங்கலத்துக்குப் பேரு வெச்சு வருசா வருசம் கும்புடுவோம்.”

“கொன்னுட்டுப் பேர் வெக்கறதா?”

“அதத்தான் நானும் கேட்டேன். அப்பா அடிச்சுப்புட்டாரு.”

அதிதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துவிடக் கூடாது.

“இனிமே சாப்பிடுவேளா?”

“கட பக்கம் போமாட்டேன். ஆனா ஊருக்குப் போனா எங்கம்மா ஆக்கி வைக்கும். அந்தத் தட்டத் தள்ளி வைக்க எனக்குத் தெரியாது தாயி. ஒங்கிட்டப் பொய்யச் சொல்லிட்டு இந்த வீட்டுக்குள்ள வரமாட்டேன்.”

சுதீர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சுலோகம் முணுமுணுத்தான்.

அந்தக் குட்டியின் ஈரத்தோல் அதிதியின் உள்ளங்கைக்கு இன்னும் நினைவிருந்தது. அதை மறக்கச் சொல்லி இவர் கேட்கவில்லை. ஒரு சின்னப் பொய்யில் முடிந்திருக்கக்கூடிய காரியம். அந்தப் பொய்யை இவர் கையில் வைத்திருக்க முடியாமல் கீழே போட்டுவிட்டார்.

இந்த வீட்டுக்கு வேண்டியது இப்படி ஒரு மனிதர்தான்.

“இந்த ஒரு விஷயத்துல மட்டும் உங்களோட சண்டை போட்டுண்டே இருப்பேன்,” என்றாள். “ஞாயித்துக்கிழமை தவறாம.”

“போடு தாயி. நெதமும் போடு.”

அதற்கு மேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுதீர் எழுந்து, ஜப்பானியப் பாணியில் இடுப்பை வளைத்து அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

அதிதி போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள். கதவில் காதை வைத்துக்கொண்டிருந்த அம்மா நிலைதடுமாறி அவள் தோளிலேயே சாய்ந்தாள்.

“எனக்குச் சம்மதம்மா,” என்றாள் அதிதி. “போ, போய் அவர் பக்கத்துல உக்காரு. கல்யாணப்பொண்ணு எத்தனை நாழி உள்ளேயே நிக்கறது?”

ஐம்பத்துமூன்று வயது சீதாலக்ஷ்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துப் பக்கம் இரண்டடி வைத்தாள். திரும்பி வந்தாள்.

“பொட்டு நேரா இருக்காடி?”