இடிக்காமப் போகணும்

“கால்ல அடிபட்ட உங்க பெரிய டீச்சர் இனிமே சக்கர நாற்காலியிலதான் வருவாங்க. அது வாசல்ல இருந்து போர்டு வரைக்கும் இடிக்காமப் போகணும். ஒரு பெஞ்சைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. முடியலேன்னா அவங்க வீட்டிலேயே இருக்கட்டும்.”

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கறாராகச் சொல்லிவிட்டு, தலைமை ஆசிரியை வாசலிலேயே நின்றுகொண்டார்.

சின்ன டீச்சர் ஓர் அட்டையை நீட்டினார். “இதான் நாற்காலியோட அகலம். இன்னிக்குக் கணக்கு இதுதான். நான் வாயே திறக்க மாட்டேன்.”

வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது.

“டேய் வாலு, இடிக்குதுடா!”

“உன் காலை எடுடி, அதான் இடிக்குது!”

“எல்லா பெஞ்சையும் சுவரோட ஒட்டிட்டா?”

“அப்புறம் நீ ஜன்னல் மேலயா உட்காருவே?”

“எல்லாத்தையும் நீளவாட்டுல திருப்புங்கடா!” என்று கத்தினாள் கடைசி பெஞ்சுக்காரி.

திருப்பினார்கள். அட்டை எதிலும் உரசாமல் போர்டு வரை போனது, திரும்பியும் வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

தலைமை ஆசிரியை சின்ன டீச்சரைத் தனியே அழைத்தார்.

“அவங்க திரும்பி வர்ற வரைக்கும்தான் உங்களுக்கு இங்க வேலைன்னு சொல்லித்தானே சேர்த்தேன்? ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு மேடம். அதான் பசங்களைப் போடச் சொன்னேன். நான் போட்டிருந்தா கணக்கு தப்பாத்தான் வந்திருக்கும்.”