மாப்பிள்ளை தூங்கவில்லை

ஷெட்டுக்குள் மழைநாளின் வெளிச்சம் சாம்பலாகப் படிந்திருக்கிறது. முன்சக்கரம் கழற்றிய லாரியில், சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பருக்கு முன்னால் மெக்கானிக் குந்தியிருக்கிறார். பின்னால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய ஃபிளாஸ்க்கோடு அவர் தங்கை நிற்கிறாள். லாரியைச் சுவரில் மோதிக் காலை உடைத்துக்கொண்டவன் அவள் கணவன். ஓட்டும்போதே அவன் தூங்கிவிட்டான் என்று முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். "அவரு தூங்கினா குறட்டையில இன்ஜின் சத்தமே அமுங்கிடும்ணே. பிரேக் போட்டதும் வண்டி ஒருபக்கமா இழுத்துச்சுன்னு சொல்றாரு, ஒருத்தரும் நம்பல." காலிப்பர் நகர்வதற்கு வழிவிடும் கைடு பின் இறுகிக் கிடக்கிறது. அது இறுகினால் அந்தப் பக்கச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது, வண்டி மறுபக்கம் இழுக்கும். சுத்தியலால் நாலு தட்டு தட்டியதும் வருகிறது, ஊறி உப்பிய ரப்பர் உறையையும் கிழித்துக்கொண்டு. அதில் அப்பியிருப்பது பேரிங் கிரீஸ், ரப்பருக்கு ஆகாதது. போன மாதம் பிரேக் கிரீஸ் டப்பா காலியாக இருந்த அன்று, ஒரு நடைக்குத் தாங்கும் என்று அவரே விரலால் வழித்துத் தடவியது. முழங்காலுக்குப் பக்கத்தில் கரித்துணி கிடக்கிறது. ஒரு துடைப்பில் எல்லாம் போய்விடும். தகரக் கூரையில் மழை வலுக்கிறது. அவர் பின்னைத் துடைக்காமல் தங்கையிடம் நீட்டுகிறார். "மாப்பிள்ளை தூங்கலம்மா. இது நான் தடவினது. முதலாளியக் கூப்பிடு." தங்கை ஃபிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கிரீஸையே பார்க்கிறாள்.